புதியவர்களுக்குத் தனிப் பகுதி வேண்டுமா? – "உதவி" பகுதி மாற்றம் பற்றிய விவாதம்

கொன்றை (நெறியாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து நம் லினக்ஸ் மன்றத்தின் "உதவி" பகுதியில் கூட்டம் அலைமோதுகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத மடிக்கணினி, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் என்று விண்டோஸ் 11 கைவிட்ட பெட்டிகளை வைத்துக்கொண்டு "சரி, லினக்ஸாவது போட்டுப் பார்ப்போம்" என்று வருபவர்கள்தான் பெரும்பாலோர். வரட்டும், சந்தோஷம். ஆனால் என் தனிமடலில் இரண்டு விதமான புகார்கள் வந்து விழுகின்றன.

ஒன்று, புதியவர்களிடமிருந்து: "சுடோ என்றால் என்ன என்று கேட்டேன். மூன்று பேர் கிண்டல் செய்தார்கள், நாலாவது ஆள் மேனுவலைப் படி என்றார்." இன்னொன்று, பழைய உறுப்பினர்களிடமிருந்து: "எல்விஎம் (வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் முறை) பகிர்வை மீட்பது பற்றிக் கேட்டிருந்தேன். மத்தியானத்துக்குள் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. முதல் பக்கம் முழுக்க 'எந்த லினக்ஸ் நல்லது' கேள்விகள்."

ஆகவே ஒரு யோசனை. "புதியவர் முற்றம்" என்று தனிப் பகுதி திறப்போம். புதிதாகப் பதிவு செய்பவர்கள் முதல் மூன்று மாதம் அங்கே மட்டும் கேள்வி கேட்கலாம். அதன்பின் "உதவி" பகுதி அவர்களுக்குத் திறக்கும். ஆர்ச் லினக்ஸ் மன்றத்தில் புதியவர்களுக்கென்று ஒரு மூலை இருக்கிறது, லினக்ஸ் மின்ட் மன்றத்திலும் இருக்கிறது. நாம் ஒன்றும் புதிதாகச் செய்யப்போவதில்லை.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். சண்டை போடுபவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து போடுங்கள்.

பழைய_டெபியன்

பிரியுங்கள். இதைக் கேட்கவே வேண்டியதில்லை.

யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுமங்களின் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் முதலாண்டுப் பிள்ளைகள் குழுமங்களுக்குள் வந்து விழுவார்கள். ஓரிரு மாதம் கூச்சலாக இருக்கும். பழைய ஆட்கள் அதட்டியும் சொல்லிக்கொடுத்தும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 1993 செப்டம்பரோடு அந்தக் கணக்கு முறிந்துபோனது. இணையச் சேவை விற்ற நிறுவனங்கள் தம் சந்தாதாரர்களை மொத்தமாக உள்ளே விட ஆரம்பித்தன. அந்தச் செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. நமக்கு இப்போது வந்திருப்பது அக்டோபர் 14. தேதிதான் வேறு.

நான் இங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் "பென்டிரைவில் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை எப்படி ஏற்றுவது" என்ற கேள்விக்கே மறுபடி மறுபடி பதில் எழுத வேண்டுமானால் நான் தொலைக்காட்சி பார்க்கப் போய்விடுவேன். விஷயம் தெரிந்தவன் கோபித்துக்கொண்டு போகமாட்டான், சொல்லாமல் போவான். ஒருநாள் எல்விஎம் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

பைதானுக்கு "டியூட்டர்" என்று ஆரம்பநிலை ஆட்களுக்கான தனி மடற்குழு இருந்தது. லினக்ஸின் உட்கருவான கர்னல் பக்கம் ஒதுங்க நினைப்பவர்களுக்கு கர்னல்நியூபீஸ் என்ற தளம் இருக்கிறது. கர்னல் மடற்குழுவில் போய் யாரும் "மேக்ஃபைல் என்றால் என்ன" என்று கேட்பதில்லை. யாரும் அதை அவமானமாக நினைத்ததும் இல்லை.

வைகைக்கரை

டெபியன் அண்ணே, நீங்க சொன்னதுல பாதி சரி. தெரிஞ்சவங்க நேரம் வீணாகக் கூடாது, ஒத்துக்கறேன். ஆனா "எது ஆரம்பநிலைக் கேள்வி"ன்னு யார் முடிவு பண்றது? கேக்கறவருக்கு அது தெரிஞ்சா அவர் ஏன் இங்க வரப்போறார்?

போன வாரம் வந்த வைஃபை இழையை எடுத்துக்குங்க. தலைப்பு: "வைஃபை வரவில்லை அவசரம்". மூணே வரி. உபுண்டு போட்டாராம், வைஃபை பட்டியலே காட்டலையாம். நம்ம யோசனைப்படி இது நேரா முற்றத்துக்குப் போகும். அங்க இன்னொரு புதியவர் வந்து "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க"ம்பார். அவரும் பண்ணுவார். முடிஞ்சுது.

உண்மையில என்ன நடந்துச்சு? அதுல இருந்தது பிராட்காம் பிசிஎம்43142 சிப். அதுக்கான டிரைவர் கர்னலோட வராது, தனியா நிறுவணும். போன்ல யூஎஸ்பி டெதரிங் போட்டு நிறுவியாச்சு. அப்பவும் வரலை. அவர்கிட்ட முனையத்துல, அதான் டெர்மினல்ல, அந்த டிரைவர் மாட்யூலை ஏத்திப் பார்க்கச் சொன்னேன். "தேவையான சாவி இல்லை"ன்னு பிழை வந்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து உள்ள மென்பொருளை மட்டும் ஓட விடற வசதி) ஆன்ல இருக்கு. நிறுவும்போது சாவியைப் பதிய உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், இவரும் குடுத்திருக்கார். அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரை ஒண்ணு வந்து, ஏதாவது பொத்தானை அழுத்துன்னு பத்து விநாடி காத்திருக்கும். இவர் "ஐயோ, விண்டோஸ் நீலத் திரை இங்கயும் வந்துருச்சே"ன்னு பயந்து கையை எடுத்துட்டார். அது தானா கடந்து போயிருச்சு. சாவி பதிவாகலை, கையெழுத்து சரிபார்க்க முடியலை, கர்னல் மாட்யூலை உள்ள விடலை.

இது ஆரம்பநிலைக் கேள்வியா? கேட்ட ஆள் ஆரம்பநிலை. விடை கர்னல் மாட்யூல் கையொப்பத்துல இருக்கு. அன்னிக்கு ராத்திரி "உதவி" பகுதியில சும்மா உருட்டிட்டு இருந்ததால என் கண்ணுல பட்டுச்சு. தனியா முற்றம்னு ஒண்ணு இருந்திருந்தா நான் அந்தப் பக்கம் போயிருப்பேனான்னு எனக்கே சந்தேகம்.

பழைய_டெபியன்

» வைகைக்கரை எழுதியது: விடை கர்னல் மாட்யூல் கையொப்பத்துல இருக்கு.

அந்த இழையை நானும் பார்த்தேன் தம்பி. மூன்று வரிக் கேள்விக்கு நீ எத்தனை கேள்வி திருப்பிக் கேட்டாய் என்று எண்ணிப் பார். என்ன மாடல், என்ன சிப், என்ன பதிப்பு, பிழைச்செய்தியைத் தட்டச்சு செய்யாமல் போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறாரே, அதுவும் பாதி வெட்டி. கேட்கத் தெரியாமல் கேட்பதற்கும் விஷயம் தெரியாமல் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வகைக்கு நான் எப்போதும் பதில் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை

டெபியன் ஐயா கடைசியில் சொன்னதுதான் இந்த இழையின் சாரம் என்று நினைக்கிறேன். நிலை பார்த்துப் பிரித்து அது நன்றாகவே நடக்கும் ஓர் இடம் எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

கணிதத்தில் மேத்ஓவர்ஃப்ளோ என்ற தளம் 2009இல் தொடங்கியது. ஆராய்ச்சி நிலைக் கேள்விகளுக்கு மட்டும். அடுத்த வருடமே ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் வலையமைப்பில் எல்லா நிலைக்குமான கணிதத் தளம் ஒன்று வந்தது. இளங்கலைக் கேள்வியை மேத்ஓவர்ஃப்ளோவில் போட்டால் "அங்கே கேளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். கணித மேதை டெரன்ஸ் தாவோ போன்றவர்கள் வந்து பதில் எழுதும் இடம் மேத்ஓவர்ஃப்ளோ. அந்தத் தரம் நிலைத்ததற்கு இந்தப் பிரிவினை ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அங்கே வாசலில் நின்று "நீங்கள் யார், எத்தனை வருட அனுபவம்" என்று யாரும் கேட்பதில்லை. பேராசிரியரே வேறு துறைக் கேள்வி ஒன்றை எளிய நிலையில் கேட்டால் அவரையும் பக்கத்துத் தளத்துக்கு அனுப்புவார்கள். பள்ளிப் பையன் ஆராய்ச்சிக் கேள்வி கேட்டால் உள்ளே விடுவார்கள். வடிகட்டப்படுவது கேள்வி. கொன்றை சொல்லும் மூன்று மாத விதி ஆளை வடிகட்டுகிறது. எனக்கு அதில்தான் உடன்பாடில்லை.

இன்னொன்று. அனுப்பி வைக்கப்படும் தளம் வறண்ட நிலமாக இருந்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம் தாங்காது. அங்கே பதில் சொல்ல ஒரு பெரும் கூட்டமே இருக்கிறது. நம் முற்றத்தில் யார் இருப்பார்கள்?

ராத்திரி_ஷிப்ட்

நானும் ஒரு வகைப் பிரிவினையின் வாடிக்கையாளன். 2009இல் சர்வர் ஃபால்ட், சூப்பர் யூசர் என்ற இரண்டு கேள்வி-பதில் தளங்களும் வந்தபோது எங்களைப் போல் சர்வரோடு மாரடிப்பவர்களுக்கு முதல் தளம், வீட்டுக் கணினிக்கு இரண்டாவது என்று ஆனது. அது தொழில் பார்த்துப் பிரித்தது. என் ஆபீஸ் சர்வர் கேள்விக்கு ஓரிடம், அப்பாவின் பிரிண்டர் கேள்விக்கு ஓரிடம். எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது, அதை இங்கே யாரும் பேசவில்லை. "எந்த லினக்ஸ் நல்லது", "ஐஎஸ்ஓ எப்படி ஏற்றுவது" மாதிரிக் கேள்விகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்பவர்கள்தான் அதிகம். நம்மிடம் வருவது அதற்குப் பிந்தைய நிலை. பைதான் பதிப்பு பிரச்சினை என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அது பைதான்3ஐ நீக்கிவிட்டு மறுபடி போடு என்றிருக்கிறது. உபுண்டுவில் பைதான்3ஐ நீக்கினால் அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் தொகுப்புகளும் சேர்ந்தே கழன்றுவிடும். நீக்கப்போகும் தொகுப்புகளின் பட்டியலைத் திரை நிறையக் காட்டத்தான் செய்கிறது. அதைப் படிக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? "ஒய்" அடித்துவிட்டார். கறுப்புத் திரையோடு நம்மிடம் வந்தார்.

இவரை முற்றத்தில் உட்கார வைத்தால் யார் மீட்பது? புதிதாக வருகிறவர்களின் கேள்விகள் முன்பைவிடக் கடினமாகிவிட்டன. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி பதில்களைத் தடை செய்தது. பதில் எழுதுபவர்களைத் தடுத்துவிட்டார்கள் சரி. அதைக் கேட்டுவிட்டு உடைத்துக்கொண்டு வருபவர்களை எந்தத் தடையும் நிறுத்தாது.

மீனாட்சி_டீச்சர்

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பள்ளியில் உபுண்டு ஓடும் பழைய கணினிகள் இருப்பதால் இங்கே வருவேன். தொழில்நுட்பம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கூட்டாகக் கற்பது பற்றிக் கொஞ்சம் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. ஒன்று முதல் நாலு வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்காருவார்கள். பாட அட்டைகளை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் அவரவர் எந்த அட்டையில் இருக்கிறார்களோ அதற்கேற்பக் குழு. ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுமையாக உதவுவார், இன்னொன்றுக்குப் பாதி, வேறொன்றில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள், கடைசியில் தானே செய்யும் குழு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் ஒரு குழுவில் இருக்கும், தமிழில் வேறு குழுவில் இருக்கும். "நீ மக்கு" என்று யாரும் சொல்ல வழியில்லை.

அதன் நல்ல பக்கம் அது. கெட்ட பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் தேவைப்படும். ஆசிரியர் உதவிக் குழு எப்போதும் நிரம்பி வழியும். அங்கே நான் ஒருத்தி. மறுபக்கம் பிள்ளைகளே உதவிக்கொள்ளும் குழுவில் இரண்டு பேர் அட்டையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரிப்பது எளிது. பிரித்த பிறகு ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பெரியவர் போய் உட்கார வேண்டும். இங்கே புதியவர் பாயில் யார் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு பாயை விரிக்கலாம்.

வைகைக்கரை

டீச்சர், சபாஷ்.

யாழ்_அச்சுக்கூடம்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். அச்சகம் ஒண்டில பக்க வடிவமைப்பு வேலை. பேஜ்மேக்கர் காலத்தில இருந்தே இந்தத் தொழில்தான். லினக்ஸுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அப்ப உங்கட விதிப்படி நான் முற்றத்தில மூண்டு மாசம் இருக்கவேணும், அப்படித்தானே?

ஒரு விசயம் சொல்லிறன். இங்க "தமிழ்க் கணிமை" பகுதியில ஒரு தம்பி பாமினி எழுத்துருவில இருக்கிற பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாத்திற நிரல் எழுதிப் போட்டிருந்தவர். நல்ல நிரல், வேகமா ஓடுது. ஆனா "தெளிவு" எண்டு இருந்த இடமெல்லாம் "தௌிவு" எண்டு வந்தது. அனுபவசாலிகள் மூண்டு நாலு பேர் வந்து எழுத்துரு பிழை, லிப்ரேஆபீஸ் பிழை, எழுத்தைத் திரையில அடுக்கிற ஹார்ஃப்பஸ் பிழை எண்டு எழுதிக்கொண்டிருந்தவை.

பிழை அங்க இல்லை. பாமினியில நாங்கள் கண்ணுக்குத் தெரியிற வரிசையிலதான் அடிக்கிறது. முதல்ல ஒற்றைக்கொம்பு, பிறகு எழுத்து, பிறகு பின்னால வாறது. "தெளி"க்கு கொம்பு, த, ள, பிறகு இகரக் குறி. "கௌரி"யில வாற "கௌ"வுக்கும் கொம்பு, க, அதே ள தான். ஔகாரத்துக்கு எண்டு தனி அடையாளம் பாமினியில இல்லை. நிரலோ கொம்பு, எழுத்து, ள மூண்டையும் கண்ட உடன ஔகாரமா மாத்தி விடுது. ளவுக்குப் பின்னால புள்ளியோ வேற குறியோ இருந்தா அது ளகரம் எண்டு எடுத்தால் முக்கால்வாசி சரிவரும். அப்பிடி ஒண்டும் இல்லாமல் வெறும் ள வந்தால் அகராதியைத்தான் கேக்கவேணும். அச்சுக்கோக்கிறவனுக்கு இது பழகின தலையிடி. அந்த இழையில நான் அதைத்தான் எழுதினனான்.

என்னைப் பூட்டி வச்சிருந்தா அந்த இழைக்கு நான் வந்திருக்க ஏலாது. ரெர்மினலில ஒரு கோப்பை எப்பிடி நகர்த்திறது எண்டு எனக்கு இப்பவும் சரியா விளங்கேல்லை. அதை உங்களிட்டக் கேக்க எனக்கு வெக்கமும் இல்லை.

ராத்திரி_ஷிப்ட்

"வெளங்கிரும்" என்று பேச்சுவழக்கில் எழுதினால் உங்கள் விதியும் தோற்றுப்போகும் அண்ணா. வெறும் ள வருகிறதே. அது "வௌங்கிரும்" ஆகிவிடும்.

யாழ்_அச்சுக்கூடம்

அதுக்குத்தான் அகராதி எண்டு சொன்னனான் தம்பி. பேச்சுத்தமிழுக்கு அகராதியும் உதவாது. நீங்கள் ஒழுங்கான தமிழில எழுதுங்கோ.

கணினி_மையம்_அக்கா

முதல் தடவையா இந்தப் பகுதியில எழுதறேன். ஊர்ல சின்னதா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், பான் கார்டு விண்ணப்பம், பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப் பதிவு, இந்த வேலைதான். விண்டோஸ் 10 நின்னுபோச்சுன்னு ரெண்டு சிஸ்டத்துல மின்ட் போட்டேன். வாடிக்கையாளர் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது பிரிண்டர் வேலை செய்யலைன்னா எனக்கு விவாதம் பண்ண நேரம் இல்லை, ஆள் எழுந்து போயிருவார்.

தனிப் பகுதி வச்சா எனக்குக் கோபம் வராது. "புதியவர்"னு போட்டா என் மானம் போயிராது. எனக்கு பயம் வேற. அந்தப் பகுதியில கேட்டா பதில் வருமா வராதா? பதில் சொல்றவருக்கு விஷயம் தெரியுமா, இல்ல என்னைப் போல இன்னொருத்தரா? அது எனக்கு எப்படித் தெரியும்? தப்பான கட்டளையா சரியான கட்டளையான்னு பார்த்துச் சொல்ற அளவுக்குத் தெரிஞ்சிருந்தா நான் கேக்கவே மாட்டேனே.

இன்னொண்ணு. நான் இங்க கேள்வி கேட்டது குறைவு, படிச்சதுதான் அதிகம். டெபியன் சாரும் ராத்திரி ஷிப்டும் பிரிண்டரை ஓட்டற கப்ஸ் மென்பொருள் பத்தி அடிச்சுக்கிட்ட பழைய இழை ஒண்ணு இருக்கு. பாதி புரியலை. ஆனா பிரிண்டர் நின்னா முதல்ல கப்ஸ் சேவை ஓடுதான்னு பார்க்கணும், வரிசையில மாட்டிக்கிட்ட வேலையை ரத்து பண்ணணும்னு அதுலதான் கத்துக்கிட்டேன். யாரும் எனக்குச் சொல்லிக்குடுக்கலை. அவங்க பேசினதை ஓரமா நின்னு கேட்டேன். தனித்தனியா வச்சா அந்த இழை என் கண்ணுல படாதே சார்.

பழைய_டெபியன்

அக்கா, அந்த இழையில் நான் சொன்னதுதான் சரி. ராத்திரி ஷிப்ட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

படிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை, கேட்பதற்கு மட்டும்தான் விதி. ஆனால் நீங்கள் சொன்ன பதில் சொல்பவரின் தகுதி விஷயம் யோசிக்க வேண்டியதுதான். தவறான பதில் ஒன்றைக் கண்டால் பத்துப் பேர் பாய்ந்து திருத்தும் இடம் வேண்டும். அது தெரிந்தவர்கள் நடமாடும் இடமாகத்தான் இருக்க முடியும். சரி, இந்த ஒரு விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் ஆடுகிறது.

ஆனாலும் களைப்பு பற்றி நான் சொன்னதற்கு இதுவரை ஒருவரும் விடை சொல்லவில்லை. டீச்சர் பாயில் யார் உட்காரப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் கேட்கிறேன்: எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் மட்டும் யார் உட்காருவீர்கள்? சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி மெட்ராஸில் கூடும்போது நேருக்கு நேர் பார்த்தோம். அங்கே புதிதாக வந்த பையன் கையில் மடிக்கணினியோடு பக்கத்தில் நிற்பான், முகத்தைப் பார்த்தால் மறுக்க மனசு வராது. இங்கே முகம் இல்லை. "அவசரம்" என்ற தலைப்புதான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி. விக்கிப்பீடியா இதற்கு ஒரு விதத்தில் விடை தேடியது. ஆங்கில விக்கியில் 2012இல் தேநீர்க் கூடம் மாதிரி ஒரு பக்கம் திறந்தார்கள், புதிய பயனர்கள் வந்து கேட்க. புதியவர்களுக்கான தனி இடம்தான். ஆனால் விருந்தோம்புநர்கள் என்று பெயர் கொடுத்துக்கொண்டு அனுபவமுள்ள பயனர்கள் அங்கே பொறுப்பெடுத்து உட்கார்ந்தார்கள். அதனால் ஓடியது. நம் தமிழ் விக்கியிலும் பாருங்கள், ஒத்தாசைப் பக்கம் தனி, ஆலமரத்தடி தனி. ஆனால் ஒத்தாசைப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆலமரத்தடியில் யார் வேண்டுமானாலும் பேசலாம். பதிவு செய்து எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் வாசலில் கேட்பதில்லை.

இதற்கு நேரெதிர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. தாங்கள் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லை என்று 2018இல் அவர்களே வலைப்பதிவில் எழுதினார்கள். 2024இல் புதியவரின் கேள்வியைப் பொதுவில் விடுமுன் மற்றவர்கள் பார்த்துச் சீர்திருத்த உதவும் ஓர் ஒத்திகை மேடையை எல்லாருக்கும் கொண்டுவந்தார்கள். அதற்குள் பாதிப் பேர் வேறிடம் போய்விட்டார்கள் என்பது என் சொந்தக் கருத்து.

வைகைக்கரை

அந்த ஒத்திகை மேடை எனக்குப் பிடிச்சிருக்கு. டெபியன் அண்ணனோட எரிச்சல் பாதிக்கு அதுதான் மருந்து. கேள்வி போடற படிவத்துலயே மாடல், பதிப்பு, பிழைச்செய்தி மூணையும் கேட்டுட்டா நான் திருப்பிக் கேக்கற கேள்விகள் மிச்சம். "அவசரம்"ங்கற சொல் தலைப்புல இருந்தா மென்பொருளே ஏத்துக்காம பண்ணிரலாம் :)

ராத்திரி_ஷிப்ட்

படிவம் நல்லது. ஆனால் "உங்கள் கர்னல் பதிப்பு" என்று வெறுமனே கட்டம் போட்டால் அக்கா போன்றவர்கள் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் அதை எங்கே பார்ப்பது என்று ஒரு வரி, ஒரு படம். தெரியவில்லை என்றால் காலியாக விடலாம் என்றும் எழுதுங்கள்.

கூடவே ஒரு விதி: "மேனுவலைப் படி" என்று சொல்பவர் எந்த மேனுவலில் எந்தப் பகுதி என்று இணைப்பு கொடுக்க வேண்டும். ஆர்ச் விக்கியின் தரம் ஊருக்கே தெரியும், டெபியன்காரர்களே திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள். ஆனால் அதில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரிவதற்கே பாதி விடை தெரிந்திருக்க வேண்டும்.

பழைய_டெபியன்

திருட்டுத்தனமாக இல்லை, பகிரங்கமாகவே படிக்கிறேன்.

கொன்றை (நெறியாளர்)

எல்லாவற்றையும் படித்தேன். மூன்று மாத விதியைக் கைவிடுகிறேன். அச்சுக்கூடம் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு அதை வைத்துக்கொள்ள வழியில்லை. ஒரே மனிதர் ஒரு பகுதியில் ஆசானும் இன்னொன்றில் மாணவருமாக இருக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் என்ன முத்திரை குத்துவது?

பொங்கல் முடிந்ததும் இதைச் செய்து பார்ப்போம்.

"உதவி" பகுதியை ஆள் பார்த்துப் பிரிக்காமல் பொருள் பார்த்துப் பிரிக்கிறோம்: நிறுவல், வன்பொருள், பிரிண்டர் (இதற்கே தனியாக வேண்டியிருக்கிறது, அவ்வளவு கேள்விகள்), தமிழ்க் கணிமை, சர்வர். எல்விஎம் கேள்வி இனி "எந்த லினக்ஸ்" கேள்விகளுக்கு அடியில் புதையாது. நிரல் எழுதுவது, தொகுப்பு பராமரிப்பது பற்றிப் பேச "மேம்பாடு" என்று தனிப் பகுதி. ரஸ்ட் மொழிக்காரர்கள் பயனர் மன்றம் வேறு, மொழியை உருவாக்குவோர் மன்றம் வேறு என்று வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி. அதுவும் யாருக்கும் பூட்டப்படாது. டெபியன் சார், உங்களுக்கு அங்கே நிம்மதியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கேள்விப் படிவத்தை வைகைக்கரையும் கணினி மையம் அக்காவும் சேர்ந்து தயாரிக்கட்டும். அக்காவுக்குப் புரியாத கட்டம் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

ஒருநாள் கடந்தும் பதில் வராத கேள்விகள் தானாகவே "காத்திருப்பவை" என்ற பட்டியலில் மேலே வரும். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆள் வேண்டும். டீச்சர் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த விடை இவ்வளவுதான். ஆள் கிடைக்கவில்லை என்றால் மொத்த ஏற்பாடும் படுத்துவிடும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பழைய_டெபியன்

எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பொருள் பார்த்துப் பிரித்தாலும் நிறுவல் பகுதி குப்பை மேடாகத்தான் ஆகும். சித்திரை வரை பார்க்கிறேன், அப்படி ஆனால் இதே இழையைத் தூக்கி மேலே போடுவேன்.

முறைக்கு எனக்கு சனிக்கிழமை ராத்திரி போடுங்கள். வன்பொருளும் சர்வரும் மட்டும். பிரிண்டர் என்னிடம் வரக் கூடாது.

ராத்திரி_ஷிப்ட்

செவ்வாய், வியாழன் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் நான் எப்படியும் விழித்திருப்பேன். பிரிண்டரையும் எடுத்துக்கொள்கிறேன், கப்ஸ் பற்றிச் சரியான தகவல் கொடுக்க ஒருவராவது வேண்டுமே.

யாழ்_அச்சுக்கூடம்

தமிழ்க் கணிமையை நான் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் பூட்டு. ஆனா ரெர்மினல் கேள்வி வந்தா ஆருக்கு அனுப்பிறது எண்டு சொல்லுங்கோ.

கணினி_மையம்_அக்கா

எனக்கு அனுப்புங்கண்ணா. நானும் கத்துக்கிட்டுதான் இருக்கேன், தெரியாததை வைகைக்கரை தம்பிகிட்ட தள்ளிவிட்டுடறேன். பிப்ரவரியில மட்டும் ஸ்காலர்ஷிப் கூட்டம் இருக்கும், அந்த மாசம் என்னைச் சேர்க்காதீங்க.

வைகைக்கரை

படிவத்தோட முதல் வரைவை "சோதனை" பகுதியில போட்டிருக்கேன். "கணினி மாடல்" கட்டத்துக்குக் கீழ போடறதுக்கு மடிக்கணினியோட அடிப்பக்க ஸ்டிக்கர் படம் ஒண்ணு வேணும். யார்கிட்டயாவது தேயாத ஸ்டிக்கர் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, சீரியல் நம்பரை மறைச்சுட்டு.